வாசலில் ஒரு ஸ்டூல், இரண்டு திரை

கடை வாசலில் கிடக்கும் ஸ்டூலை நேற்று உங்களில் யாரோ உள்ளே தூக்கி வைத்துவிட்டீர்கள். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. இன்று காலை வந்து பார்த்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது, அதனால்தான் அப்படிக் கத்திவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன பொம்பளைக்கு ஒரு பழைய ஸ்டூல் மேல் இவ்வளவு அக்கறையா என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கடை திறக்கும் முன் கொஞ்ச நேரம் பேசச் சொல்லித்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். என்ன பேசுவது என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஸ்டூல் அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

ராம், பிராசசர், பேட்டரி இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். லேப்டாப் வாங்க வருகிறவர்கள்கூட அதையெல்லாம் போனில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கடைக்கு வந்த பிறகு அவர்கள் தடுமாறி நிற்கிற இடம் ஒன்று உண்டு. திரை பளபளப்பாக இருக்க வேண்டுமா, பளபளப்பு இல்லாமல் இருக்க வேண்டுமா என்பதுதான் அது. நாம் கிளாஸி, மேட் என்கிறோம். நம் ராஜபாளையத்துக்காரர்கள் கிளாஸியைக் கண்ணாடி என்பார்கள், மேட்டை மங்கல் என்பார்கள். மங்கல் என்று பெயர் விழுந்த பொருளை யார் ஆசைப்பட்டு வாங்குவார்கள்? அதுவும் நம் கடைக்குள் லைட்டெல்லாம் திரையில் விழாதபடி பார்த்துப் பார்த்து மாட்டியிருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இங்கே எப்போதும் கண்ணாடிதான் ஜெயிக்கும்.

அதற்காகக் கண்ணாடியை மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் இருந்தபோது கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்தார். ஜன்னலே இல்லாத அறை, ஒரே ஒரு விளக்கு, அடித்துக் கொடுக்கிற ஆல்பமும் பளபளா. அவரிடம் போய் மேட் வாங்குங்கள் என்று சொல்வதற்கு எனக்கு என்ன பைத்தியமா? கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினேன். இன்றைக்கும் பார்க்கிற இடத்தில் சிரிப்பார். ஆகவே எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள், கேட்டால் எனக்குக் கோபம் வரும். நான் சொல்லப் போவது தளவாய்புரத்து மாரீஸ்வரியின் கதை.

மாரீஸ்வரி வீட்டு முன்னறையில் தையல் மிஷின்களைப் போட்டு நைட்டி தைக்கிறவள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அதில் ஒன்றும் அதிசயமில்லை. இவளிடம் இருந்த அதிசயம், பூ வரைவாள். அண்ணன் மகளுடைய காலேஜ் லேப்டாப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே வரையக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் பிள்ளை மேலே படிக்க வெளியூர் போனதும் லேப்டாப்பும் போய்விட்டது. சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று புருஷன் காளிராஜையும் கூட்டிக்கொண்டு நம் கடைக்கு வந்தாள். காளிராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வாய் ஓயாமல் பேசுவார், பெண்டாட்டி முறைத்தால் நிறுத்துவார்.

ஒரே கம்பெனி, ஒரே விலை, உள்ளே எல்லாம் ஒன்று, திரை மட்டும் வேறு வேறு என்று இரண்டு லேப்டாப்பை அவள் முன் வைத்தேன். பென்டிரைவில் தான் வரைந்த ரோஜாப்பூவைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டிலும் போட்டுக் காட்டினேன். கண்ணாடித் திரையில் அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தாரும், பாத்தீரா, இப்பப் பறிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் புருஷனிடம்.

"எங்க வச்சு வேலை பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுலதான் அக்கா. முன்னறையில."

"வெளிச்சம் நெறைய வருமா?"

"தையல் மிஷின் போட்டிருக்கோம்லா. வெளிச்சம் இல்லாம முடியுமா?"

"அப்ப மேட் எடுத்துக்கோங்க தாயி. எதிர்ல வெளிச்சம் அடிச்சா கண்ணாடியில பூ தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும்."

அவள் மேட் திரையை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு, "அக்கா, இது நாலு வருசம் தொவைச்ச நைட்டி மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ கஸ்டமர் எத்தனையோ விதமாக மேட்டைத் திட்டிக் கேட்டிருக்கிறேன், இப்படி யாரும் திட்டியதில்லை.

"அவ கேக்கதையே குடுங்கக்கா" என்றார் காளிராஜ். "பூவுக்குக் கலர் பிடிக்கலைன்னா அன்னைக்கு எனக்குச் சோறு கெடையாது."

கண்ணாடியையே கொடுத்தேன். பையில் போட்டுக் கொடுக்கிற நேரத்தில்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அதுவரை அடுத்தவர்கள் கொடுக்கிற துணியை அடுத்தவர்கள் சொல்கிற அளவில் தைத்துக் கொடுக்கிற கூலித் தையல்தான் அவள் செய்துகொண்டிருந்தது. அதுவும் பெரிய கம்பெனிகள் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காசிம் ராவுத்தர் என்று ஒரு நைட்டி வியாபாரி. பல ஊர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர். அவரிடம் நடையாய் நடந்து, தன் பூக்களை ஒரு தடவை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவருக்குப் பிடித்துவிட்டால் அந்தப் பூக்களைத் துணியில் அச்சடிக்கக் கொடுப்பார், தையலும் இவளுக்கே வரும். பிடிக்காவிட்டால் மிஷின்களை விற்றுவிட்டு அவளும் அவளிடம் தைக்கிற பெண்களும் ஸ்பின்னிங் மில் வேலைக்கு வேனில் ஏற வேண்டியதுதான்.

"ஒரே ஒரு தடவதான் வருவேன்னு சொல்லிட்டாரு அக்கா. அதான் நல்ல கலரா காட்டணும்னு பாக்கேன்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை போன் செய்தாள். நாளைக்கு ராவுத்தர் வருகிறாராம். அவள் குரலே சரியில்லை.

"அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்து பக்கத்துல நில்லுங்க. பாதியில லேப்டாப் நின்னு போச்சுன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். விற்ற பொருளோடு நம் வேலை முடிந்தது என்று இருக்க எனக்குத் தெரியாது. அதற்காக வீட்டில் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவித் துடைத்து, மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தாள். துணி தேய்க்கிற மேசையின் மேல், அறையின் உள்பக்கமாக, லேப்டாப் திறந்திருந்தது. அந்த இடத்தில் ரோஜாப்பூ ஜம்மென்று தெரிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அவளிடம் தைக்கிற பேச்சியம்மா என்கிற பெரிய பொம்பளை மட்டும் வந்திருந்தார். மாரீஸ்வரிக்கு அவரிடம் கொஞ்சம் பயம். எனக்கும் அரை மணி நேரத்தில் அந்தப் பயம் வந்துவிட்டது.

ராவுத்தர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி. சட்டை மேல் ஒரு கருப்பு அரைக் கோட்டு. "வாங்க பாய், உக்காருங்க" என்று காளிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப் விற்ற கடைக்காரம்மா என்று என்னையும் காட்டினார். அவர் உட்காரவில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை.

"சரக்கை வெளிச்சத்துக்குக் கொண்டா தாயி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணிக்காரர்கள் யாராவது கடையின் உள்ளே நின்று துணி பார்த்து நீங்கள் கண்டிருக்கிறீர்களா? எந்தத் துணியானாலும் கையில் எடுத்து நேரே வாசலுக்குத்தான் போவார்கள். அந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாய் திறப்பார்கள். இவருக்கு முன்னால் இருப்பது துணியா லேப்டாப்பா என்பதெல்லாம் கணக்கே இல்லை. கலர் என்றால் வாசல், அவ்வளவுதான்.

மாரீஸ்வரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காளிராஜ் ஒரு ஸ்டூலை எடுத்து வாசற்படியில் போட்டார். திரை தெருவைப் பார்த்து இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்துச் சுவர். புதுச் சுண்ணாம்பு அடித்து, மேலே காலை வெயில் விழுந்து, கண் கூசியது. ராவுத்தர் கீழே தெருவில் நின்றபடி குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையை உயர்த்தித் தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

"ஏம்மா, பூ எங்கம்மா? எம் மூஞ்சிதான் தெரியுது" என்றார்.

பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை, முகம் வெளிறிப்போனது. காளிராஜ் பாய்ந்து வந்து பிரைட்னஸைக் கூட்டப் பார்த்தார். அது ஏற்கெனவே முழுக்கக் கூட்டித்தான் இருந்தது. அந்தப் பதற்றத்தில் மாரீஸ்வரி துணி வியாபாரியிடம் சொல்லவே கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"பாய், செத்த உள்ள வந்து பாருங்களேன்."

ராவுத்தர் நிமிர்ந்தார். "உள்ள வச்சுக் காட்டுற துணிய நான் வாங்குனது கெடையாது தாயி. எங்க வாப்பாவும் வாங்குனது கெடையாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாசலுக்கு வராத துணி என்றால் எங்கோ சாயம் போயிருக்கிறது என்று அவர்கள் தொழிலில் அர்த்தம். அவர் கை சட்டைப் பையில் இருந்த ஸ்கூட்டர் சாவியைத் தேடியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். மாரீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே சொன்னேனே தாயி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எனக்குத் திருப்தி, அவளுக்கு என்ன லாபம்? கிளாஸி என்றால் என்ன, மேட் என்றால் என்ன என்று ராவுத்தருக்குப் பாடம் எடுக்கலாம், அவர் அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்திருப்பார். கடைக்கு ஓடி மேட் லேப்டாப் எடுத்து வரலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

பார்த்தால், திரை முழுவதும் மண்டபத்துச் சுவர் வெள்ளையாக விழுந்திருக்கிறது. நடுவில் ராவுத்தரின் சட்டை, தாடி. ஆனால் அந்தக் கருப்புக் கோட்டு விழுந்திருந்த இடத்தில் மட்டும், கோட்டின் அளவுக்கு, ரோஜாப்பூ சிவப்பாகத் தெரிந்தது. மனிதர் நெஞ்சில் பூ பூத்தது போல இருந்தது.

"பேச்சியம்மா, உள்ள தைக்க வச்ச கருநீலத் துணி இருக்குல்லா, அதை எடுத்துட்டு வாங்க" என்றேன். "பாய், ஒரு நிமிசம். நீங்க எங்கயும் நகர வேண்டாம். நின்ன இடத்துலயே நில்லுங்க."

பேச்சியம்மா ஒரு நுனி, காளிராஜ் ஒரு நுனி. ராவுத்தரின் முதுகுக்குப் பின்னால் அந்தத் துணியை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். மண்டபத்துச் சுவர் மறைந்தது. திரையில் விழுந்திருந்த சுவரின் வெள்ளை போய், மாரீஸ்வரியின் பூக்கள் அப்படியே எழுந்து வந்தன. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. எனக்கும்தான்.

தெருவில் போனவர்களுக்கு இது என்ன கூத்து என்று புரியவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "என்ன காளிராஜ், பாய்க்கு முடி வெட்டுதியா?" என்று கேட்டார்.

"ஏலே, சோலியப் பாத்துட்டுப் போ" என்றார் காளிராஜ், துணியை விடாமல்.

ராவுத்தர் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பூவாகப் பார்த்தார். கொடி ஓடுகிற விதத்தைப் பார்த்தார். இலைக்கும் பூவுக்கும் நடுவே விட்டிருக்கிற இடத்தைப் பார்த்து, ஒரு தரம் தலையை ஆட்டினார். பிறகு ரோஜாவில் வந்து நின்றுவிட்டார். நெற்றி சுருங்கியது.

"பூ நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் செவப்பு எனக்கு வெளங்கல" என்றார். என் பக்கம் திரும்பினார். "கடைக்காரம்மா, இந்த மிஷினை வித்தவிய நீங்கதானே. நீங்க சொல்லுங்க. இந்தச் செவப்பு துணியில வருமா?"

வரும் பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும். மாரீஸ்வரியின் கண் என் மேல் இருந்தது. அவள் அப்படி ஒரு பார்வை பார்த்தால் கல்லும் பொய் சொல்லும். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். துணி அச்சாகி வந்ததும் இதே ராவுத்தர் அதை இதே வாசலுக்குக் கொண்டு வந்து பார்ப்பார். அன்றைக்குச் சிவப்பு குறைந்திருந்தால் போவது ஒரு ஆர்டர் மட்டுமல்ல. மாரீஸ்வரி பூவை இனி எந்த வியாபாரியும் எட்டிப் பார்க்க மாட்டார்.

"வராது பாய்" என்றேன். "மிஷின் நல்ல மிஷின்தான். ஆனா இந்தத் திரை மினுக்குது, பருத்தி மினுக்காது. இதுல பாக்குற அம்புட்டுச் செவப்பு துணியில வராது."

காளிராஜ் கையில் இருந்த நுனி பொத்தென்று இறங்கியது. "நல்லா வந்து சேந்தா பாரு" என்று பேச்சியம்மா முணுமுணுத்தார். முணுமுணுப்பு என்றால் தெருக்கோடி வரை கேட்கிற முணுமுணுப்பு.

மாரீஸ்வரி விறுவிறுவென்று உள்ளே போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னது சரிதான், ஆனால் சரியைச் சொன்னவர்களுக்கு வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு சாக்கு இருந்தது. வெட்டிப் போட்ட துண்டுத் துணிகள் போட்டு வைக்கிற சாக்கு. அதை வாசற்படியில் கவிழ்த்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பல கலர் பருத்தித் துண்டுகள் சரிந்தன. ஒரு சிவப்புத் துண்டைப் பொறுக்கி எடுத்துத் திரையில் இருந்த ரோஜாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்போடு வந்த, திரையில் வரைகிற பேனாவைக் கையில் எடுத்தாள்.

"தூக்கிப் பிடிங்க" என்றாள் புருஷனிடம். துணி மறுபடி மேலே போனது.

திரையில் இருந்த சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். துண்டைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், குறைப்பாள். எந்தக் கலருக்காகக் கண்ணாடியை வாங்கினாளோ, அந்தக் கலரைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டிருந்தாள். திரைக்குத் தகுந்த துணி கிடைக்காது என்றால் துணிக்குத் தகுந்தபடி திரையை இறக்கிவிட வேண்டியதுதானே. எனக்கு அந்த யோசனை தோன்றவில்லை. இத்தனை வருடம் திரை விற்றவள் நான்.

ராவுத்தர் முதலில் நின்று பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். கடைசியில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாங்க வந்தவர் என்பதே அவருக்கு மறந்துபோனது.

"ரொம்ப எறக்கிட்டியே. செத்த ஏத்து" என்றார்.

"மொதத் தொவையில வெளுக்கும்லா பாய்?"

"ஆமா, வெளுக்கும். அப்ப அதையும் சேத்து எறக்கிரு. இந்தப் பச்சையப் பாரு, இது நம்ம அச்சுல வராத பச்சை. இந்தத் துண்டுல இருக்கே, இது வரும்."

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி துண்டுகளைக் கிளறிக் கிளறி எடுத்துத் திரையில் ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். பேச்சியம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி மாரி, சீக்கிரம் எறக்கு. என் கை ரெண்டும் கழண்டுரும் போலுக்கு."

வேலை முடிந்தபோது நான் திரையைப் பார்த்தேன். கடையில் பறித்து வைத்தது போல இருந்த ரோஜா இல்லை அது. அடக்கமாக, துணியில் இருக்கிற பூவாக இருந்தது. அவள் கடையில் கேலி செய்தாளே, அந்த மங்கலுக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம். இதைப் பார்த்து எவர் வாங்குவார்?

ராவுத்தர் எழுந்து நாலடி பின்னால் போய் நின்றார். அவர் போன பக்கமெல்லாம் துணியும் போனது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"கலரு கொறைஞ்சும் பூ நிக்குதே" என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் சொல்வது போலச் சொன்னார். "எம்புட்டோ பேரு வந்து காட்டுதான். எல்லாம் கலரு. கலரை எடுத்தா பூ உக்காந்துரும். இது நிக்குது. எல்லாத்தையும் இதே மாதிரி எறக்கி வையி தாயி. வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சிட்டு வந்து வாங்கிட்டுப் போறேன். தையலும் ஒங்கிட்டத்தான்."

சந்தோஷத்தில் காளிராஜ் இரண்டு கையையும் தூக்கினார். பேச்சியம்மாவும் தூக்கினார். கருநீலத் துணி நேரே ராவுத்தர் தலையில் வந்து இறங்கியது.

"ஏலே, மொதல்ல இதை எடுங்கலே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் சிரித்ததில்லை. மாரீஸ்வரி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். டீ வந்தது. ராவுத்தர் இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவளைக் கேள்வியில் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு கேக்கேன். ஒரு முழம் துணிய வாசலுக்குக் கொண்டு போகாம வாங்குவியா நீ?"

"மாட்டேன் பாய்."

"பொறவு இம்புட்டுப் பெரிய சாமானை ஏசிக்குள்ள வச்சே பாத்து வாங்கியிருக்கியே."

மாரீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "அது துணி இல்லையேன்னு நெனச்சிட்டேன் பாய்."

அவர் டீயைக் குடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "கடைக்காரவியளுக்கும் வாசல் இருக்குல்லா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்ததும் சரக்கறையில் இருந்த இந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டேன். முதலாளி சண்டைக்கு வந்தார். தூசி படும், எவனாவது தூக்கிக்கொண்டு ஓடுவான், கண்ணாடித் திரையை வெயிலில் காட்டினால் யாருக்குப் பிடிக்கும் என்றார். நானும் விடவில்லை. சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும், அது உங்களுக்கே இன்று காலை தெரிந்திருக்கும். வருகிறவர்களிடம் எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பேன். இரண்டு லேப்டாப்பையும் ஸ்டூலில் வைத்து, நீங்களே பாருங்கள் என்று ஒதுங்கி நின்றுகொள்வேன். வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு தம்பி தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பானாம். சினிமா நல்லா தெரியணும் என்று கண்ணாடிக்கு ஒற்றைக் காலில் நின்றவன், ஸ்டூலுக்கு வந்ததும் சத்தமில்லாமல் மேட்டை எடுத்துக்கொண்டு போனான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் மாரீஸ்வரியே மறுபடி வந்தாள். புது மிஷின்கள் போட்டிருக்கிறாளாம், தைக்க ஆட்கள் போதவில்லையாம். இன்னொரு லேப்டாப் வேண்டும் என்றாள். நான் வாயைத் திறக்கும் முன் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். கைப்பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்துத் திரைகளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப பழைய கண்ணாடியைக் குடுத்துட்டு மாத்திக்கிறியா?" என்றேன்.

"ஐயோ, அது வேணும் அக்கா. அதுல பாத்தாத்தான் எனக்கு வரையவே ஆசை வரும். அதுல வரைவேன். இதுல எறக்கி பாய்க்குக் காட்டுவேன்."

பார்த்தீர்களா, நானே அவளுக்கு மேட் ஒன்றுதான் சரி என்று முடிவு கட்டியிருந்தேன். அவள் தேவையை என்னைவிட அவள்தான் அறிந்திருந்தாள். நம்மால் முடிந்தது அவளை வாசலுக்கு அனுப்புவது மட்டும்தான்.

போன மாதம் ஒரு காலை. குழாயில் தண்ணீர் வருகிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். நல்ல வெயில். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். அவள் நைட்டியில் ரோஜாப்பூ. கொடி ஓடுகிற விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்பு, அன்று வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருத்தி இறக்கி வைத்தாளே, அதே சிவப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் குடம் நிறைந்து வழிந்ததுகூட என் கண்ணில் படவில்லை.

"நைட்டி நல்லாருக்கே, எங்க எடுத்தீங்க?" என்றேன்.

"மதுரையில எடுத்தேன் அக்கா. எத்தனையோ தடவ தொவைச்சிட்டேன். வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கலரே போகல, பாருங்க."

"போகாது" என்றேன். "போக வேண்டியதை முன்னாலயே எடுத்தாச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பூ வெயிலில் ஆடி ஆடிப் போவதைத் தெரு முனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, ஷட்டரைத் தூக்குங்கள், நேரமாகிவிட்டது. ஸ்டூலை உள்ளே வைத்தது யாரோ, அவரே வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.